அன்சு எங்கே?

மாலங் ஃபடேரா வந்தபோது டிடா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கடற்கரையை ஒட்டிய புகைக் கொட்டகை. கம்பி வலைமேல் போங்கா மீன், அடியில் ஈர விறகு. வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு அவர் தனியாக நடந்து வந்தார். கட்சித் தலைவர் ஆனபிறகு அவர் தனியாக எங்கும் போவதில்லை.

"தங்கச்சி, நாளைக்குக் கடைசிக் கூட்டம். நீ கீழ உக்கார வேணாம். மேடையில எம்பக்கத்துல உக்காரணும்."

"மீன் கெட்டுடுமேண்ணே."

பக்கத்து அடுப்பிலிருந்து சோனா கத்தினாள். "தலைவரே, என் அடிமையைக் கூட்டிட்டுப் போறதுன்னா என்னைக் கேக்கணும்! ஜோலாக்காரங்க எங்க செரேர்காரங்களுக்கு உழைக்கவே பொறந்தவங்க."

"யாரு யாருக்கு அடிமை? சோறு வேகுறதுக்குள்ள கை கழுவிட்டு வந்து நிக்கிற கூட்டம் நீங்க," என்றாள் டிடா. வாய் தானாகச் சொன்னது. இரண்டு இனத்துக்கும் நடுவில் காலங்காலமாக உள்ள கேலி அது. அதற்கு மனசு தேவையில்லை.

மாலங் ஒரு காலத்தில் வாரப் பத்திரிகை நடத்தினார். டிடாவின் புருஷன் அன்சு அதில் புகைப்படக்காரன். ஆறு வருஷத்துக்கு முன்னால் எண் இல்லாத வண்டியில் சிப்பாய்கள் வந்து கேமராவைக் கேட்டார்கள். கொடுத்தான். பிறகு அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு மாலங் இரண்டே வார்த்தை அச்சடித்தார்: அன்சு எங்கே? அதற்கடுத்த வெள்ளியும் அதுதான். அவரைச் சிறையில் போட்டார்கள், விட்டார்கள், மறுபடி போட்டார்கள். பத்திரிகையை மூடியதும் அந்த இரண்டு வார்த்தை சுவர்களுக்கு ஏறியது. பழைய ஆட்சி விழுந்து அவர் கட்சி தொடங்கியபோது சட்டைகளுக்கு வந்தது. இந்தத் தேர்தலுக்கு மகளிர் அணிப் பெண்கள் ஒரே மாதிரி துணி எடுத்தார்கள். துணி முழுக்க அன்சுவின் முகம். தையல்காரன் எங்கே வெட்டினானோ அங்கே அவன் நெற்றி போயிற்று, தாடை போயிற்று. பெண்கள் உட்கார்ந்தால் அவன் மேலேதான் உட்கார வேண்டியிருந்தது.

டிடாவும் அதைத்தான் கட்டிக்கொண்டு எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசையில் இருந்தாள். அவள் மனைவியா, விதவையா என்று ஊருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அவனுக்குத் தொழுகை வைக்கவில்லை, தானம் கொடுக்கவில்லை. மாலங்கைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள். இப்போதும் கேட்டாள்.

"ஏதாவது தெரிஞ்சுதாண்ணே?"

எப்போதும் கண்ணைப் பார்த்து, "இல்ல தங்கச்சி" என்பார். இன்றைக்கு மீனைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க."

தேர்தல் சனிக்கிழமை.

டிடா ஒரு மீனைத் திருப்பினாள். இன்னொன்றையும் திருப்பினாள். "செத்துட்டாரா?"

அவர் கொட்டகை வாசலில் குந்தி உட்கார்ந்தார். "மழைக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான். அன்னைக்கு அந்த வண்டிய ஓட்டினவன். அழுதுட்டே எல்லாத்தையும் சொன்னான்."

"மழைக்கு முன்னாடியா."

மழை முடிந்து கடலை பிடுங்கி, கொடிகூடக் காய்ந்துவிட்டது.

"இப்ப வெளிய சொன்னா அவனை எவனாவது ஓட வெச்சுருவான். ஜெயிச்சா போலீசு நம்ம பேச்சைக் கேக்கும். முறையாத் தோண்டலாம். உனக்காகத்தான் தங்கச்சி."

"எந்த இடம்ணே?"

"ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு மட்டும் வந்து உக்காரு. ஒண்ணும் பேச வேணாம்."

அவர் போன பிறகு பார்த்தால் ஒரு வரிசை மீன் கருகியிருந்தது. டிடாவுக்கு வாசனையே தெரியவில்லை. சோனாதான் ஓடிவந்து விறகை இழுத்தாள்.

அன்று சாயங்காலம் டிடா பின்னலை அவிழ்த்துத் தலை குளித்தாள். சாயமில்லாத பழைய துணியைக் கட்டி, தலையை மூடிக்கொண்டு, உள்ளறையில் பாய் விரித்து உட்கார்ந்தாள். சோனாவைக் கூப்பிட்டு, "போய்ச் சொல்லு, நான் துக்கத்துல உக்காந்துட்டேன்னு," என்றாள். நாலு மாதம் பத்து நாள். அதுவரை வாசல் தாண்டக்கூடாது, வெளி ஆண்கள் முகத்தில் விழிக்கக்கூடாது.

இமாம் சொல்லி அனுப்பினார்: செத்த நாளிலிருந்துதான் கணக்கு, அது எப்போதோ முடிந்துவிட்டது, உட்கார வேண்டியதில்லை.

"எனக்கு இன்னைக்குத்தான் செத்தாருன்னு சொல்லு," என்றாள் டிடா.

மறுநாள் கூட்டத்துக்குப் போன சோனா சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள்.

"அடியே, என்ன காரியம் பண்ணிட்ட! தலைவர் மைக்கைப் புடிச்சு 'அன்சு எங்கே?'ன்னாரு. ஒருத்தி வாயத் திறக்கல. திரும்பவும் கேட்டாரு. அந்த ரொட்டிக்காரி இருக்காளே, எந்திரிச்சு, 'அன்சு செத்துட்டாராமே, டிடா துக்கத்துல இருக்கா, அவகிட்ட சொன்னது நீங்கதானாமே, அப்புறம் யாரைக் கேக்கறீங்க?'ன்னுட்டா. ஒலிபெருக்கி மட்டும் கொய்ங்குன்னு கத்திட்டிருந்துச்சு."

டிடா கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷம் வரவில்லை. கோபமும் வரவில்லை. மீன் விற்றுப்போயிற்றா என்று கேட்டாள்.

இருட்டுவதற்குச் சற்று முன் மாலங் வந்தார். மூங்கில் தட்டி வேலிக்கு வெளியே நின்றார். அவருடைய செருப்பு மட்டும் அடியில் தெரிந்தது.

"என்னைக் கொன்னுட்டியே தங்கச்சி. அவனுக்காக ரெண்டு தடவை ஜெயிலுக்குப் போனவன் நான்."

"போனீங்க. இல்லேங்கல." உண்மையாகத்தான் சொன்னாள். "எந்த இடம்ணே?"

செருப்பு மண்ணை ஒரு தடவை தேய்த்தது.

"பட்டாள முகாமுக்குப் பின்னால முந்திரித் தோப்பு. தூர்ந்துபோன கிணறு ஒண்ணு இருக்கு. அதுக்குக் கிழக்கால." பத்திரிகைக்காரனாக இருந்த காலத்தில் தொலைபேசியில் செய்தி சொல்வாரே, அந்தக் குரல். அதைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. "நீயும் வா. நீதான் முதல்ல மண்ணைத் தொடணும்."

"நான் துக்கத்துல இருக்கேன்ணே. எப்படி வெளிய வருவேன்?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. டிடா யோசித்திருந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றும்போதே தெரியும். ஆறு வருஷம் அந்த இடத்தைப் பார்க்கத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்தும் இன்னொரு குவளை ஊற்றிக்கொண்டாள்.

வேலிக்கு அடியில் செருப்புகள் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு போய்விட்டன.

சனிக்கிழமை வீட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடத்தில் வாக்குப் பதிவு. ஒவ்வொருவருக்கும் ஒரு கோலிக்குண்டு. திரைக்குப் பின்னால், வேட்பாளர் படம் ஒட்டிய பீப்பாய்களில் ஒன்றில் அதைப் போட வேண்டும். உள்ளே மணியில் பட்டு டிங் என்று ஒரு சத்தம் வரும். குழப்பம் வரக்கூடாது என்று அன்றைக்கு ஊரில் சைக்கிள் மணிகூட அடிக்க மாட்டார்கள். பாயில் படுத்தபடி டிடா நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டாள். எல்லாப் பீப்பாய்க்கும் ஒரே சத்தம்தான்.

சோனா வந்தாள். முகம் அச்சடித்த துணியை உள்பக்கம் வெளியே வருமாறு கட்டியிருந்தாள்.

"நான் யாருக்குப் போட்டேன்னு கேக்க மாட்டியா?"

"மணி அடிச்சுது. கேட்டுச்சு."

மாலங் ஜெயித்தார், மிகக் கொஞ்சத்தில். வண்டிகள் ஊதிக்கொண்டு போயின. யாரும் எந்தக் கேள்வியும் கேட்டுக் கத்தவில்லை.

அடுத்த வாரம் தோண்டினார்கள். அன்சுவின் தம்பி சார்ஜோ போனான். தொழுகை வைத்து, அடக்கம் செய்து, மதியம் தாண்டி அண்ணி வீட்டுக்கு வந்தான். கைமுட்டியில் சிவப்பு மண்.

"தலைவரும் மண்வெட்டி புடிச்சாரு அண்ணி. எவனோ போனைத் தூக்கிப் படம் எடுத்தான். வேணாம்னு தள்ளிவிட்டாரு."

டிடா தலையசைத்தாள்.

"ஒரு செருப்பு இருந்துச்சு. எடது கால்."

"வார் தைச்சிருந்துச்சா?"

"ஆமா. வலை நூல்ல. பச்சை."

அவள்தான் தைத்தாள். கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிக்கோங்க என்று அவனைக் கொண்டுபோன அன்றைக்குக் காலையில்கூடச் சொன்னாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வாசலில் ஆடு ஒன்று தட்டியைக் கடித்துக்கொண்டிருந்தது. சார்ஜோ அதை விரட்டிவிட்டு வந்தான்.

"கை கழுவிட்டு வா," என்று சொல்லி, சோற்றில் கடலைக் குழம்பை ஊற்றி வைத்தாள்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவன் தயங்கினான். "அண்ணி, உப்பே போடலியே."

டிடா குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இருக்கிறதா இல்லையா, அவளுக்குத் தெரியவில்லை. உப்புக் கிண்ணத்தை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.