நடுவில் சுவர் வேண்டாம்

வண்டலூர் தாண்டி உள்ளே போனால் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. காதல் படிக்கட்டில்தான் முளைக்கிறது என்று கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவருக்கு ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கலாம்.

அபிகாயில் அங்கே கட்டடக் கலை படித்தவள். ஒரு மழை நாளில், தொப்பலாக நனைந்துகொண்டிருந்த வகுப்புத் தோழன் ஃபயாஸைத் தன் குடைக்குள் கூப்பிட்டாள். அவ்வளவுதான் குற்றம். குரோம்பேட்டையிலிருந்து அவள் அப்பாவை வரவழைத்து, "பொண்ணக் கொஞ்சம் அடக்கி வைங்க" என்றார் தாளாளர் பட்டாபிராமன். அப்பா தலையைக் குனிந்தபடி அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தார். அந்த அவமானம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

படிப்பு முடிந்து அவள் ஆர்க்கிடெக்ட் ஆகிச் சில வருஷம் கழித்து, அதே வளாகத்தில் மாணவர்கள் கூடிப் பேச ஒரு கூடம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், ஓடிப்போய் அந்த வேலையை வாங்கினாள். யாரும் யாரோடும் உட்கார்ந்து பேச ஓர் இடம். அதை அந்த மனுஷன் கண்ணெதிரிலேயே கட்டிக் காட்ட வேண்டும் என்று வைராக்கியம். பட்டாபிராமனுக்கோ அவளை அடையாளமே தெரியவில்லை. எத்தனை பெண்களின் அப்பாக்களைப் பார்த்திருப்பார், பாவம்.

வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தார். வட்டமான கூடம், சுற்றிலும் உட்காரப் படிகள்.

"நடுவுல சுவரக் காணோமேம்மா?"

"சுவர் வச்சா காத்து வராது சார்."

"ஏசி போட்டுக்கலாம். இல்ல, பிளைவுட்லயாவது ஒரு தடுப்பு?"

"அங்கீகாரம் குடுக்கற குழு வரும்போது பாத்தா நல்லாவா இருக்கும் சார்?"

அந்தக் குழுவின் பெயரைச் சொன்னால் அங்கே எந்தச் சாமியும் மலையிறங்கிவிடும். அவரும் இறங்கினார். அபிகாயில் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தனக்குத் தானே ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்துக்கொண்டாள்.

கூடம் எழுந்தது, திறப்பு விழாவும் தடபுடலாக முடிந்தது. ஒரு வாரம் கழித்து, பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆசையாகப் போனாள். வாசலில் நான்கைந்து பையன்களைக் காவலாளி விரட்டிக்கொண்டிருந்தார்.

"காலைல லேடீஸ், மத்தியானத்துக்கு மேலதான் உங்களுக்கு. எத்தினி வாட்டிப்பா சொல்றது?"

அந்தப் பக்கமாக வந்த பட்டாபிராமன் அவளைப் பார்த்து முகம் மலர்ந்தார். "நீங்க சொன்ன மாதிரியே சுவர் கட்டலம்மா. நேரத்தப் பிரிச்சு வுட்டுட்டோம்."

அவள் உள்ளே போனாள். ஒருத்தி பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அடித்தொண்டையில் பாடினாள், நான்கு பேர் சிரித்தார்கள். அனம் என்ற முதலாமாண்டு மாணவி நீட்டிய காலை மடக்கி எழுந்து வந்தாள்.

"நீங்கதான் இதக் கட்டினீங்களாமே மேம்? ரொம்ப தேங்க்ஸ். இந்த கேம்பஸ்ல எங்களுக்குன்னு நிம்மதியா உக்கார ஒரு எடமே இல்ல."

"பசங்களும் இருந்தா இன்னும் நல்லா இருக்காதா?"

"ஐயோ, சும்மா இருங்க மேம்! அவனுங்க வந்தா நாங்க மொதல்ல துப்பட்டாவத் தேடணும்."

"சரிம்மா, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் ஏறினாள். கதவைச் சாத்தியதும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.