ஜூலை மாதப் பக்கம்

“கிழிங்க அங்கிள்! நானூறு காலண்டர்லயும் ஜூலை மாசத்தைக் கிழிச்சுப் போடுங்க!”

ஹம்சா போட்ட சத்தத்தில் மெல்பேர்ன் புறநகர் டார்னெய்ட்டில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது. தமிழ்ச் சங்கச் செயலாளர் நாகலட்சுமி வீட்டுக் கராஜில் புதுவருஷக் காலண்டர்கள் கட்டுக்கட்டாக இருந்தன. மறுநாள் விநியோகம்.

ஜூலைக்குத் தனபாலன் எடுத்த படம். மலேசியாக்காரர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். லடாக்கில் ஒன்பது நாள் பாறைமேல் கிடந்து, குகை வாசலில் பனிச்சிறுத்தையையும் இரண்டு குட்டிகளையும் படம் பிடித்துவிட்டார். படத்தில் ஹம்சாவாலேயே குறை சொல்ல முடியவில்லை. கீழே இருந்த நாலு வரிதான் வினை. எந்தப் பள்ளத்தாக்கு, கடைசி ஊரிலிருந்து எத்தனை மணி நேர நடை, வழிகாட்டியின் வாட்ஸ்அப் நம்பர். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போடுவதுபோல் மனுஷன் போட்டிருந்தார்.

“நாலு பேர் போய்ப் பார்க்கட்டுமே லா. என்னம்மா தப்பு?” தனபாலன் மலேசியா ‘லா’ போட்டுக் கேட்டார்.

“நாலு பேரா? கூட்டமே ஏறும். பின்னாலயே தோல் விக்கிறவனும் வருவான். குட்டிங்க இன்னும் அங்கதான் வளருது!”

ஹம்சா மெல்பேர்ன் வருமுன் இரண்டு வருஷம் அந்த மலைகளில் தானியங்கிக் கேமரா வைத்து ஆராய்ச்சி செய்தவள். ஆள் நடமாட்டத்துக்கு மிரண்டு தாய் விட்டுப்போன குகையில், பட்டினியில் செத்த குட்டியைக் கையில் எடுத்தவள்.

“தமிழ்க் காலண்டரை அங்க எவன் படிப்பான்?”

“போன் நம்பர் தமிழ்லயா இருக்கு?”

தனபாலன் சிரித்தார். அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“போன மாசம் உங்க மருமக கேத்ரினுக்குக் குழந்தை பிறந்துச்சே, பேத்தி படத்தை வாட்ஸ்அப்ல எப்படிப் போட்டீங்க?”

எல்லோரும் பார்த்த படம்தான். குழந்தையின் முகத்தை மறைத்து ஒரு சூரியகாந்திப் பூ. கண் பட்டுவிடுமாம்.

“உங்க குட்டிக்கு முகத்தைக்கூடக் காட்ட மாட்டீங்க. சிறுத்தையோட குட்டிங்களுக்கு வீட்டு அட்ரஸையே அச்சடிச்சிட்டீங்க!”

தனபாலன் ஒரு காலண்டரை எடுத்து ஜூலையைப் புரட்டினார். “படத்தைக் கிழிக்க வேணாம். அந்த நாலு வரியை மட்டும் அழிச்சிடு,” என்றார்.

நாகலட்சுமியின் தம்பி ஜெகதீஷ் கறுப்பு மார்க்கர் வாங்க ஓடினான். நானூறையும் ஹம்சாவும் அவனுமாக உட்கார்ந்து அழித்தார்கள். மூன்று மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நாகலட்சுமி சத்தியம் செய்தாள். யார் நம்பினார்கள்? அடுத்த தையில் இரண்டு பேருக்கும் கல்யாணம்.

தனபாலன் மகனோடு சிட்னிக்கு, கெல்லிவில்லுக்குக் குடிபோய்விட்டார். வருஷம் முடிந்தும் காலண்டர் அவர் வரவேற்பறையில் ஜூலையிலேயே தொங்குகிறது. அதென்ன கறுப்புப் பட்டை என்று யாராவது கேட்டால் போதும். “அந்த இடத்தையெல்லாம் வெளியில சொல்லக்கூடாது லா,” என்று குரலைத் தாழ்த்துகிறாராம், ஏதோ தானே போட்ட சட்டம்போல.