ராசுவுக்கு ஏற்ற மண்

சத்தம் நிற்கவில்லை. மரத்தூளைக் கொட்டி இரண்டு நாளாகியும் பின்னறைப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஆமை ராசு பிறாண்டிக்கொண்டேதான் இருந்தது. எழிலரசி கதவோரம் நின்று காதைக் கொடுத்தாள். முன்னறையில் அவள் கணவன் கார்த்திகேசன் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தான். பிறாண்டும் சத்தத்துக்குப் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. 'தானே' புயலுக்கு முந்தைய வருடம் அது.

"ஞாயித்துக்கெழம அக்கா வருது. அதுக்குள்ள ராசு அடங்குனா இருக்கட்டும். இல்லன்னா அக்கா சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டான் அவன்.

அக்கா என்றால் திட்டக்குடியில் இருக்கும் அவனுடைய அக்கா மங்கலம். ஆமையை வெளியே விட்டால்தான் அந்த வீட்டில் தொட்டில் ஆடும் என்பது அவள் கட்சி. கல்யாணமாகிப் பதினோரு வருடம். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இரண்டு முறை உண்டானதும் தங்கவில்லை. பழியைச் சுமத்த மங்கலத்துக்கு வாகாக ஒரு ஓடு அகப்பட்டது. சிதம்பரத்தைக் காலிசெய்துபோன எதிர்வீட்டுக்காரர் ராசுவைக் கொடுத்து நாலு வருடம்தான் ஆகிறது, அதற்கு முந்தைய ஏழு வருடத்துக்கு யார் பொறுப்பு என்று எழிலரசி கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? கோயில் குளத்தில் விட்டுவிடுவதென்று மங்கலம் முடிவுகட்டியிருந்தாள். இது தரை ஆமை, தண்ணீரில் முங்கிச் செத்துப்போகும் என்றால் அவளா நம்புவாள்?

யாரிடமும் யோசனை கேட்கவும் வழியில்லை. நட்சத்திர ஆமை வளர்ப்பது சட்டப்படி குற்றம். மாட்டு டாக்டரிடம் வாயைத் திறந்தால் வம்பு. தொட்டிக்குள் போடுவதை அவளே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். நியூஸ் பேப்பரில் கால் வழுக்கியது. கொள்ளிடத்து மணலில் கண் சிவந்தது. மரத்தூளில் மூக்கு ஒழுகியது. கடைசியாக, செம்மண்ணையும் தேங்காய் நார்த்தூளையும் தண்ணீர் தெளித்துப் பிசறி, பாதித் தொட்டிக்கு நிரப்பினாள்.

"நாலு விரல் கனம் போதும். வாடக வூட்டுல எவ்ளோ மண்ணத்தான் கொட்டுவ?" என்றான் கார்த்திகேசன். மிச்சத்தை அவளே அள்ளிக் கொல்லையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவாக்கில் சத்தம் நின்றது. சமையற்கட்டில் இருந்த எழிலரசிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

"என்னங்க, வாங்களேன்! மண்ணு புடிச்சிப்போச்சி அதுக்கு. சத்தமே இல்ல!"

இருவருமாக எட்டிப் பார்த்தார்கள். மூலையில், பிளாஸ்டிக் தெரியும்வரை தோண்டிய பள்ளத்தின் மேல் ராசு பின்பக்கத்தை இறக்கி உட்கார்ந்திருந்தது. பள்ளத்தில் மூன்று முட்டைகள். மூன்றும் அடிப் பிளாஸ்டிக்கில் பட்டு உடைந்து மஞ்சள் கரு செம்மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது.

"பொட்டையா இது?" என்றான் அவன்.

நாலு வருடமாக 'டேய்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு மாதமாகப் பிறாண்டி அது கேட்டதெல்லாம் முட்டையிடக் கொஞ்சம் ஆழம். மற்றவர்களுக்குப் புரியாவிட்டால் போகிறது, தனக்குமா புரியாமல் போயிற்று என்று அவள் நினைத்தாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "எங்கடி அது? பையில போடு, கோயிலுக்குப் போயி வுட்டுட்டு வந்துடலாம்" என்று மங்கலத்தின் குரல் உள்ளே வந்தது.

எழிலரசி திரும்பவில்லை.

"கொஞ்சம் இருங்க அண்ணி. அது இன்னும் மூடி முடிக்கல."

ராசுவின் பின்கால்கள் மாறி மாறி, இருந்த கொஞ்ச மண்ணைப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தன.