மைதானத்துக்கு இருந்த பெயர்

வரதராஜாவுக்கு உதைபந்தாட்டம் பெரிதாகப் புரியாது. ஓஃப்சைட் என்றால் என்னவென்று இன்றைக்குக் கேட்டாலும் திருதிருவென்று முழிப்பார். ஆனாலும் அமெரிக்காவில், எடிசன் நகரில் தன் மளிகைக் கடையை ஆளிடம் விட்டுவிட்டு, உள்ளூர்க் கிளப்பின் சொந்த மைதானத்து ஆட்டம் ஒன்றையும் தவறவிட மாட்டார். ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் ஒருவன் இழுத்து இழுத்துச் சொல்லுவான்: "வெல்கம் டு கபிலாஷ் ஃபீல்ட்!" அதைக் கேட்கத்தான் மனுஷன் போவார். கேட்டால்தான் அந்தக் கிழமை கடையைத் திறக்கவே அவருக்கு மனம் வரும்.

கபிலாஷ் அவருடைய ஒரே பிள்ளை, அந்தக் கிளப்பின் கோல்காப்பாளன். வெளியூர் ஆட்டம் முடிந்து வருகையில் டேர்ன்பைக் நெடுஞ்சாலையில் லொறி மோதி அந்த இடத்திலேயே போய்விட்டான். ரசிகர்கள்தான் அழுது, நகரசபையோடு மல்லுக்கட்டி, மைதானத்துக்கு அவன் பெயரை வைத்தார்கள். தாய் ராஜராணி மட்டும் அந்தப் பக்கமே போனதில்லை. அந்தப் பெயரை அப்படிச் சத்தமாகக் கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று பயம். "அடுத்த முறை வாறன்" என்பாள் ஒவ்வொரு முறையும்.

இந்த வருஷம் கிளப் படுத்துவிட்டது. கூரை ஒழுகுகிறது, பயிற்சியாளருக்குச் சம்பளமில்லை. மெத்தை விற்கிற கம்பனி ஒன்று வந்து, மைதானத்தின் பெயரை எங்களுக்குத் தாருங்கள், கிளப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றது. ரசிகர்கள் கூட்டம் போட்டார்கள். அப்பப்பா, என்ன சண்டை! பெயரை விற்றால் இனி ஆட்டத்துக்கே வரமாட்டேன் என்றார் ஒரு கிழவர். கிளப்பே இல்லாமல் போனால் எந்த ஆட்டத்துக்கு வராமல் இருப்பாய் என்று கேட்டாள் ஒருத்தி. கடைசியில் ரசிகர் தலைவன் பிரையன் கையைத் தூக்கினான்.

"கபிலாஷின் அப்பா இங்கே இருக்கிறார். அவர் வேண்டாம் என்றால் நானும் வேண்டாம் என்றுதான் கைதூக்குவேன். எல்லோரும் அப்படித்தான். சொல்லுங்கள், ராஜா."

மண்டபம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. பெயரை விற்க வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சபையில் எடுத்த எடுப்பில் எனக்கு வேணும் என்று கேட்க அவர் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் யாருக்கு வாய் வரும்? சொந்த மாமி வீட்டில் தேத்தண்ணி தந்தாலே முதலில் "ஐயோ, வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்பதுதானே முறை! மாமி விடமாட்டா, இரண்டாம் தரம் கேட்பா, மூன்றாம் தரம் கையில் திணிப்பா.

"பரவாயில்லை. உங்கள் விருப்பம். எங்களால் யாருக்கும் கஷ்டம் வேண்டாம்" என்றார் வரதராஜா. சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

பிரையனின் கண் கலங்கியது. "தாங்க் யூ" என்றான். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த நிமிஷம் எல்லாக் கையும் மேலே.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவரை ராஜராணி விடவில்லை.

"என்ன சொன்னனீங்கள்?"

"பரவாயில்லை எண்டு."

"அவங்கள் திருப்பிக் கேக்கேல்லையே?"

"இல்லை."

"ஒருக்காக்கூட?"

"கை தட்டினவங்கள்."

"விசரே உங்களுக்கு! வெள்ளைக்காரனிட்டப் போய் உபசாரக் கதை கதைச்சிருக்கிறியள். இப்பவே ஃபோன் எடுத்து, எனக்கு விருப்பமில்லை எண்டு சொல்லுங்கோ!"

எடுத்தார். அவர் வாய் திறக்குமுன் பிரையன் தொடங்கிவிட்டான். உங்களைப் போல ஒரு மனுஷனை நான் கண்டதில்லை, கிளப்பைக் காப்பாற்றிவிட்டீர்கள், என் பிள்ளைகளுக்கு உங்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அழுதான் பாவி. வரதராஜா "ஓகே, ஓகே" என்று வைத்துவிட்டார். ராஜராணி உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

புதுப் பெயரோடு நடந்த முதல் ஆட்டத்துக்கு அவளும் வந்தாள். இனிப் பயப்பட என்ன இருக்கு என்று தானாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். ஒலிபெருக்கி மெத்தைக் கம்பனியின் பெயரை அதே இழுவையோடு சொன்னது. பிறகு, இத்தனைக்கும் காரணமான பெருந்தன்மையான மனிதர் நம்மோடு இருக்கிறார் என்று வரதராஜாவின் பெயரைச் சொன்னது. சனம் முழுக்க எழுந்து கைதட்டியது. அவரும் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டார்.

ராஜராணி எழும்பவில்லை. அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"முந்தி எப்பிடிச் சொல்லுறவன்? பிள்ளையின்ர பேரை? நான் கேக்கவே இல்லையே. ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ."

வரதராஜா குனிந்து அவள் காதருகே வாயை வைத்து, ஒலிபெருக்கிக்காரன் முந்திச் சொன்ன மாதிரியே இழுத்துச் சொன்னார்.

சனம் இன்னும் அவருக்குத்தான் கைதட்டிக்கொண்டிருந்தது.

"கேக்கேல்லையப்பா" என்றாள் அவள்.