பழைய மணி ஏழு

எனக்குக் கோபம் மூக்கின் மேல். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அப்படித்தான், யாரைக் குறை சொல்வது? ஆனால் 1943 ஜூலையில் நான் எரிந்து விழுந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. எங்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் மொத்தமே ஐந்து பேர். குண்டு விழும் என்று போன வருஷம் பட்டணத்தைக் காலி செய்துகொண்டு போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. இன்னும் இரண்டு பேர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்கள். ஒருவனுக்குச் சளி பிடித்தாலும் அணி கிடையாது. அந்த அணிக்கு நான் கேப்டன்.

போதாக்குறைக்கு, பிரின்ஸிபால் ஃபாதர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். யுத்த காலத்தில் ஒரு சாண் நிலம்கூடச் சும்மா கிடக்கக் கூடாதாம். எங்கள் ஆட்டக்களத்தைக் கொத்திக் கத்திரியும் வெண்டையும் போடப் போகிறாராம். சீஸன் ஆரம்பிக்க மூன்றே வாரம் இருந்தது, எனக்கு அது கடைசி வருஷம். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

"சரி காஸ்பர், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எட்டு மணிக்கு வரேன். அஞ்சு பேரும் நின்னு ஆடினா களம் உங்களுக்கு. இல்லேன்னா மண்வெட்டிக்கு" என்றார்.

நாலு பேரைப் பற்றிக் கவலை இல்லை. ஐந்தாவது ஆள் நூர் முஹம்மது. மேற்கு மாம்பலத்திலிருந்து சைக்கிளில் வருவான். எங்கிருந்து எறிந்தாலும் பந்து கூடைக்குள் போகும், ஆனால் ஆள் மட்டும் நேரத்துக்கு வர மாட்டான். சர்க்கார் யுத்தத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த நாள் முதல் ஊரில் இரண்டு மணி நடந்தது, பழைய மணி ஒன்று, புது மணி ஒன்று. நூர் வீட்டுக் கடிகாரத்தைத் தொட அவன் அம்மா ஹாஜிரா பீ விடவில்லை. தொழுகைக்குச் சூரியன்தான் கணக்கு, சர்க்கார் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். இவனும் அதைப் பார்த்துவிட்டு, கணக்குப் போட மறந்து, ஒரு மணி நேரம் கழித்து வந்து நிற்பான்.

வியாழக்கிழமையும் அப்படித்தான் வந்தான். நான் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டேன்.

"உனக்காக யாரும் காத்துக்கினு இருக்க மாட்டாங்க. இனிமே வேற ஆளைப் பாத்துக்கறேன், போ!"

அவன் ஏதோ சொன்னான். நான் கத்திக்கொண்டிருந்ததில் காதில் விழவில்லை.

வேற ஆளுக்கு எங்கே போவது? சனிக்கிழமை நானே மனசு இளகி, அவன் வீட்டுக் கடிகாரத்துக்குக் கணக்குப் போட்டு, "நாளைக்குக் காலைல ஏழு மணி" என்றேன். பழைய மணி ஏழென்றால் புது மணி எட்டு. அவன் தலையை ஆட்டினான். கேப்டன் என்றால் இப்படி விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்று எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

ஞாயிறு காலை முதல் பூசைக்குப் போய்விட்டு, எட்டடிக்கக் கொஞ்சம் முன்னால் மைதானத்துக்குப் போனேன். மற்ற மூவரும் வந்துவிட்டார்கள். களத்தில் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. தோட்டக்காரன் சின்னப்பையன் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். அறுபது வயசு ஆளுக்கு அதுதான் பெயர்.

எட்டு ஆயிற்று. நூரைக் காணோம். எனக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை. பந்தைத் தட்டினேன், எறிந்தேன், ஒன்றும் விழவில்லை. வாசலுக்கும் களத்துக்குமாக நாலு தடவை நடந்தேன்.

"சித்த உக்காரேண்டா, எங்களுக்கே தலை சுத்தறது. வந்துண்டிருப்பான்" என்றான் ராமானுஜம்.

ஃபாதர் வந்தார். எங்களை எண்ணினார்.

"அஞ்சாவது ஆள் எங்கே?"

"இன்னும் பத்து நிமிஷம் ஃபாதர்" என்று ராமானுஜம் ஆரம்பித்தான். நான் விட்டேனா? மூன்று நாள் கோபமும் ஒன்றாக வந்துவிட்டது.

"அவன் வர மாட்டான் ஃபாதர். அவனை நம்பி ஒரு டீம் நடத்த முடியாது."

ஃபாதர் என் பக்கம் திரும்பினார். "கேப்டனே சொன்னப்புறம் நான் என்ன சொல்றது?" என்று சின்னப்பையனுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

சின்னப்பையன் மண்வெட்டியோடு வந்து பக்கக் கோட்டருகே குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"கோடு நேராக்கீது. பாத்திக்குக் கயிறே வேணாம்."

"நீ போட்டதுதானே?"

"நான் எங்க போட்டேன்? அந்த பாய் ஊட்டுப் புள்ள போட்டுச்சு. ஏழு மணிக்கே வந்து, சுண்ணாம்பு இருக்கான்னு கேட்டுச்சு. போட்டுட்டு வாசலையே பாத்துக்கினு நின்னுச்சு. இப்பத்தான், நீ வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி போச்சு."

நான் ராமானுஜத்தின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு மாம்பலத்துக்கு மிதித்தேன். வழியெல்லாம் அவனைத் திட்டினேன். ரயில்வே கேட்டில் நின்றபோது வேறு யாரையோ திட்ட வேண்டும் என்று தோன்றியது.

நூர் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"ஏழுன்னுதானே சொன்னே?" என்றான். "நீ சொல்றது புது மணி. எங்க ஊட்டுக் கடியாரத்துல ஆறு. கரெக்டா வந்தேன்."

"நான் உனக்காகப் பழைய மணியில சொன்னேன்டா."

"வியாழக்கிழமையே சொன்னேனே காஸ்பர், நீ ஒண்ணும் மாத்த வேணாம், நானே கழிச்சுக்கறேன்னு."

நான் ராமானுஜத்தின் சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன்.

"முக்கா மணி நேரம் நின்னேன். ஒருத்தனும் வரலே. வேற ஆள் கெடச்சிட்டான், என்னைக் கழட்டி வுட்டுட்டீங்கன்னு நெனச்சுக்கினேன்." பம்பைக் கீழே வைத்துவிட்டுச் சைக்கிளை நிமிர்த்தினான். "ஃபாதர் எத்தனை மணிக்கு வர்றாரு? இப்பவே போலாம் வா."

அவன் காலைத் தூக்கிப் போட்டு ஏறிவிட்டான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"இன்னா பாக்கறே? கோடு பாத்தியா? கயிறு இல்லாம கண்ணாலதான் போட்டேன். நேரா கீதா?"

"நேராத்தான் இருக்கு" என்றேன்.