பேப்பரில் இல்லாத வலி

மருத்துவக் கல்லூரி இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் என் மகள் கோட்டைவிட்டாள். நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் குறையில்லையாம். அவரை வாய் திறக்கவிடாமல் கேள்வி மேல் கேள்வி கேட்டாளாம், அதுதான் குற்றம். என் வயிற்றில் பிறந்தவள் வேறெப்படி இருப்பாள்!

மறுதேர்வு நெருங்கியது. பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வந்த என் கணவரைச் சோபாவில் சாய்த்து நோயாளியாக்கினாள். நடிக்க வேண்டிய நோயைப் பேப்பரில் எழுதியும் கொடுத்தாள். வயிற்றுப்புண், சாப்பிட்டால் வலி.

"சொல்லுங்க, உடம்புக்கு என்ன செய்யுது?"

"நெஞ்சுல ஒரு இறுக்கம்மா. படி ஏறினா வருது, நின்னா போயிடுது."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேப்பர்ல இருக்கறதச் சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

மகள் கையைக் காட்டி என்னை அடக்கினாள். முன்பென்றால் அதற்குள் பத்துக் கேள்வி கேட்டிருப்பாள். இப்போது "அப்புறம்?" என்றதோடு சரி. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை.

"தாடை வரைக்கும் இழுக்குது. நேத்து சும்மா உக்காந்திருக்கும்போதே வந்துச்சு. உன் பரீட்சை முடியட்டும்னு இருந்தேன்."

எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. அவள் குரலில் பதற்றமே இல்லை. வேர்த்ததா, மூச்சு வாங்கியதா என்று நிதானமாகக் கேட்டாள். நாடி பார்த்தாள். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி மார்பில் வைத்தாள்.

"தொட்டுப் பார்த்ததுல எதுவும் தெரியல. ஆனா நீங்க சொன்னதே போதும்பா. கிளம்புங்க."

மருத்துவமனையில் அன்றே அவரைப் படுக்கவைத்தார்கள். இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று முக்கால்வாசி அடைத்திருந்தது. அதைச் சரிசெய்த பெரிய டாக்டர் மறுநாள் எங்களிடம் வந்து மகளைப் பார்த்துச் சொன்னார்.

"முதல் ஈசிஜில ஒண்ணுமே இல்ல. நீங்க விவரமா சொன்னதாலதான் இவர வீட்டுக்கு அனுப்பல. எந்த வருஷம் பாஸ் பண்ணினீங்க?"

மகள் நெளிந்தாள். "இன்னும் பண்ணல சார். நோயாளிகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கறதுலதான் ஃபெயில்."

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"ஆமா சார், ஃபெயில்தான்," என்றேன். பெற்ற மகள் தோற்றதை இவ்வளவு பெருமையாக எந்தத் தாயும் சொல்லியிருக்க மாட்டாள்.