அண்ணனின் பெடல்களுக்கு ஒரு பலகை

பெடல் போர்ட் என்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கிட்டார் வாசிக்கிறவர் காலால் மிதிக்கும் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகளை, வயர் கழன்றுவிடாமல், ஒன்றோடொன்று முட்டாமல் பிடித்துவைக்கும் ஒரு தட்டு, அவ்வளவுதான். அந்தத் தட்டுக்குக் கண்டியில் ஒரு கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்ட பிரவீனா, எடுத்ததை எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்துவிட்டு, "பொறகு வாறேங்க" என்று படியிறங்கினாள். பிறகு வருகிறேன் என்று போனவர்கள் வந்ததாகச் சரித்திரமில்லை. அது கடைக்காரருக்கும் தெரியும். பாவம், மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

தனக்கென்றால் அன்றோடு விட்டிருப்பாள். இது அண்ணன் ஜெயகாந்துக்காக. அவன் டெங்குக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா மரியாயி இன்னமும் கொழுந்தெடுக்கப் போகிறாள். பிரவீனா தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். ஜெயகாந்த் மாத்தளையில் ஒரு மியூசிக் குரூப்பில் கிட்டார் வாசித்தான். சனிக்கிழமை கல்யாண வீடுகளில் கூத்தடித்துவிட்டு வந்தாலும், ஞாயிறு காலை தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பான். சனங்கள் ஃபாதரிடம் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது வார்த்தையில்லாத ஒரு மெட்டை மெதுவாக வாசிப்பான். அது அவனே போட்ட மெட்டு. அதைக் கேட்டால் சண்டைக்காரர்கள்கூட அந்த ஐந்து நிமிஷத்துக்குச் சண்டையை மறந்து நடப்பார்கள். மரியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போவாள்.

அவன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, கிட்டாரும் ஐந்து பெடல்களும் அறையில் தரையில் கிடந்தன. ஒரு வருஷமாக அப்படியே கிடந்தன. மரியாயி அந்த அறைக்குள் யாரையும் காலடி வைக்க விடவில்லை. வீட்டில் ரேடியோவையும் துணியால் சுற்றி அலுமாரி மேல் வைத்துவிட்டாள். துக்க வீட்டில் வருஷப் பூசை முடியும்வரை பாட்டுச் சத்தம் கூடாது என்பது அவளுடைய சட்டம். அந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோருடைய சட்டமும் அதுதான். ஆனால் மற்றவர்கள் மூன்றாம் மாதத்திலேயே டீவியின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிவிடுவார்கள். மரியாயி கூட்டவில்லை.

அந்த அறையைத் திறக்க வைக்க பிரவீனா ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"அம்மா, அண்ணன் சத்தம் அந்தப் பொட்டிகளுக்குள்ளதான் இருக்கு. அவன் எப்பிடித் திருகி வச்சானோ அப்பிடியே இருக்கு. வருஷப் பூசையில நான் அந்த மெட்ட வாசிக்கிறேன். நீங்க கேக்கலாம்."

மரியாயி மகளின் பக்கம் திரும்பினாள். "அவென் சத்தமேயா?"

"அவன் சத்தமேதாம்மா."

பிரவீனா பொய் சொல்லவில்லை. கிட்டாரை அவள் சுமாராக வாசிப்பாள். மெட்டும் சின்ன மெட்டு. ஆனால் அந்தக் கிட்டாரை நேராக ஸ்பீக்கரில் போட்டால் தகரத்தில் தட்டிய மாதிரிதான் கேட்கும். ஜெயகாந்தின் சத்தம் என்பது அந்தப் பெடல்கள். ஒன்று சுருதி பார்க்க. ஒன்று சத்தத்தை முறுக்கும். ஒன்று லேசாக நடுங்க வைக்கும். ஒன்று வாசித்ததையே தூரத்திலிருந்து திருப்பிச் சொல்லும். கடைசியானது எல்லாவற்றையும் ஒரு பெரிய மண்டபத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தும். ஒவ்வொன்றின் தலையிலும் திருகும் குமிழ்கள். அவற்றைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படியென்று வருஷக்கணக்காகத் திருகித் திருகித்தான் அவன் அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்திருந்தான். போனில் பதிந்த வீடியோக்கள் இருந்தன. ஆனால் எல்லாம் கல்யாண வீட்டு இரைச்சல். அதற்குள் கிட்டாரைத் தேடுவது வீண் வேலை.

இப்போது பெடல்கள் கோயிலுக்குப் போகவேண்டும். அண்ணன் அவற்றை ஒரு ஸ்கூல் பையில் திணித்துக்கொண்டு போவான், அங்கே போய்க் காதால் சரிபண்ணிக்கொள்வான். அவனுக்குக் காது இருந்தது. பிரவீனாவுக்கு அந்தக் காது கிடையாது. பையில் போட்டால் குமிழ்கள் ஒன்றோடொன்று உரசித் திரும்பிவிடும். ஆகவே பலகை வேண்டும், அதுவும் கையைக் கடிக்காத விலையில்.

யோசனை சொல்ல ஆளா இல்லை? பேக்கரித் தட்டு போதும் என்றார்கள். அந்தப் பிளாஸ்டிக் தட்டு காலால் மிதித்தால் நடுவில் வளைந்தது. பலாப்பலகை ஒன்றைச் சீவித் தரலாம் என்று பக்கத்து லயத்துக் கலந்தர் கொண்டுவந்து காட்டினார். நல்ல பலகைதான், அதைத் தூக்கிக்கொண்டு கோயில் படியேற இரண்டு ஆள் வேண்டும். போனில் விளம்பரம் பார்த்த சினேகிதி கெத்தரின், மலிவாக ஒன்று இருக்கிறது, பையும் சேர்த்துத் தருகிறார்கள் என்றாள். அளவைப் பார்த்தால் நான்கு பெடலுக்குத்தான் இடம். ஐந்தில் எதை விட்டுவிட்டுப் போவது? பிரவீனா முன்பள்ளிக் காகித அட்டையில் ஐந்து பெடல்களையும் அளவாக வெட்டி, தரையில் பரப்பிப் பரப்பிப் பார்த்தாள். பிள்ளைகள் அது ஏதோ புது விளையாட்டு என்று சுற்றி உட்கார்ந்தார்கள்.

கடைசியில் அட்டைகளை எடுத்துக்கொண்டு மாத்தளைக்கு, ஹுஸ்னியிடம் போனாள். ஹுஸ்னி அண்ணனோடு குரூப்பில் டிரம்ஸ் அடித்தவன். பகலில் அலுமினியக் கடை, ஜன்னலும் கண்ணாடி அலுமாரியும் செய்கிறவன். அவள் அட்டைகளை மேசையில் பரப்பினாள். அவன் பார்த்த உடனே சிரித்துவிட்டான்.

"தங்கச்சி, பெடல மட்டும் அளந்து கொண்டுவந்தா வயரோட தல எங்கால போற? ரெண்டு பக்கமும் ஒரு விரல் அளவு வுடணும்."

சிரித்தவன் அட்டைகளைச் சரியான வரிசையில் அடுக்கினான். அடுக்கி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஜன்னல் பிரேம் வெட்டின மிச்சம் ஈக்குது," என்றான். "ரெண்டு நீளத்துக்கு, நடுவுல நாலு குறுக்கால. இடைவெளியால வயர் கீழ போகும். பாரமும் இல்ல, வளையவும் மாட்டாது. ஒட்டுறதுக்கு வெல்க்ரோ."

"வெல்க்ரோன்னா, நம்ம பிள்ளைங்க சப்பாத்துல வருமே, பிரிச்சு ஒட்டுற பட்டி. அதானே, ஹுஸ்னி நானா?"

"அதேதான். எவ்வளவுன்னு கேட்டுராதீங்க. கேட்டா செய்ய மாட்டன்."

பூசைக்கு முதல் நாள் பின்னேரம் அவன் மோட்டார் சைக்கிளில் பலகையோடு வந்தான். மரியாயி கோயில் கூட்டக் கிளம்பிப் போயிருந்தாள். இருவரும் பெடல்களை ஒவ்வொன்றாக, தூங்கும் குழந்தையைத் தூக்குவது மாதிரி அடியில் பிடித்துத் தூக்கி ஒட்டினார்கள். ஒரு குமிழிலும் விரல் படவில்லை. பலகை அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தியது. ஹுஸ்னி அண்ணனின் சின்ன ஸ்பீக்கரில் வயரைக் குத்தி, "ஒருக்கா பாருங்களே" என்றான்.

பிரவீனா ஒரு கம்பியைச் சுண்டினாள். ஒரே ஒரு கம்பி. அறைக்குள் ஜெயகாந்த் வந்துவிட்டான். அதே நடுக்கம், அதே தூரத்து மறுமொழி. ஹுஸ்னி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக முட்டியது. முழு மெட்டையும் வாசித்துவிடவேண்டும் போலிருந்தது.

வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம். பிரவீனா பட்டென்று சுவிட்சை அணைத்தாள். வருஷப் பூசை முடியாத வீடு. அம்மாவுக்குப் பிடிக்காததை இந்தக் கடைசி நாளிலா செய்வது? ஒரு ராத்திரிதானே, நாளைக்குக் கோயிலில் கேட்கட்டும் என்று நினைத்தாள்.

"கொண்டுபோக முந்தி குமிழுக்கு மேலால செலோடேப் ஒட்டிருங்க," என்று சொல்லிவிட்டு ஹுஸ்னி போனான். காலையில் ஒட்டலாம் என்று இவளும் விட்டுவிட்டாள்.

காலையில் பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவள், முன்னறையில் பார்த்தாள். நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் பலகை. பெடல்கள் புதிதாக வாங்கியவை போலப் பளபளத்தன. மரியாயி கையில் ஈரத்துணி.

"கோயிலுக்குப் போற சாமான் இப்பிடியா தூசியும் தும்புமா போறது?" என்றாள். அவள் முகத்தில் ஒரு வருஷமாகப் பார்க்காத ஒரு தெளிவு. "ஒவ்வொண்ணா தொடச்சிட்டேன். எல்லாம் தொறந்து கெடந்திச்சு புள்ள. அவென் அவசரத்துல அப்பிடியே விட்டுட்டுப் போயிருக்கான். எல்லாத்தையும் நல்லா மூடிட்டேன்."

கேஸ் சிலிண்டர்கள் அங்கங்கே வெடித்த அந்த வருஷத்திலிருந்து மரியாயிக்கு அது பழக்கமாகிவிட்டது. வீட்டைவிட்டு இறங்குமுன் திருகக்கூடிய எதையும் கடைசிவரை திருகிப் பூட்டிவிடுவாள். அடுப்பு, ஃபேன், தண்ணீர்ப் பைப், எதையும் விடமாட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி ஜெயகாந்தே அவளைக் கேலி பண்ணியிருக்கிறான்.

எல்லாக் குமிழ்களும் இடப்பக்கம் ஒதுங்கி, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அண்ணன் திருகி வைத்த சத்தம் போய்விட்டது என்று பிரவீனாவுக்கு விளங்கியது. கோபம் வந்தது, அசல் கோபம். என்னம்மா செஞ்சீங்க என்று கத்த வாயைத் திறந்தாள். அம்மா துணியைப் பிழிந்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு மகனுக்கு ஏதோ செய்து கொடுத்த சிரிப்பு. பிரவீனா திறந்த வாயை மூடினாள்.

"வடிவா இருக்கும்மா," என்றாள்.

பூசைக்கு அரை மணித்தியாலம் முன்பு, கோயிலுக்குப் பின்னால் ஹுஸ்னி குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "யா அல்லாஹ். படமாவது எடுத்து வச்சீங்களா?"

அவள் எடுக்கவில்லை. சாமானே முன்னால் இருக்கும்போது படம் எதற்கு? பலகைக்கு அளவெடுத்தாள், வயருக்கு இடம் விட்டாள், விலை பார்த்தாள், பாரம் பார்த்தாள். காசு செலவில்லாமல் போனில் செய்யக்கூடிய ஒரு வேலையை மட்டும் செய்யவில்லை.

இருவரும் மாறி மாறித் திருகினார்கள். ஹுஸ்னி இவ்வளவு என்றான், இவள் இல்லை இன்னும் குறைவு என்றாள். அவன் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தவன். அவனுக்குக் கேட்ட ஜெயகாந்த் வேறு, இவள் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட ஜெயகாந்த் வேறு. ஒரு தடவை கிட்ட வந்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று தொட்டார்கள், அதுவும் போய்விட்டது. மணி அடித்தது.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. சனங்கள் வரிசையில் நின்றார்கள். பிரவீனா வாசித்தாள். ஒரு பிழையும் விடவில்லை. மெட்டு அவனுடையதேதான். சத்தம் ஏதோ ஒரு கிட்டாரின் சத்தம். நல்லாகவே இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, யாரோ ஒரு ஆள் நல்லாக வாசித்த மாதிரி இருந்தது. மரியாயி வரிசையில் போனாள், வாங்கினாள், திரும்பி வந்தாள். அவள் கை முந்தானைக்குப் போகவில்லை.

பூசை முடிந்து முற்றத்தில் தேத்தண்ணியும் பணிசு என்ற பன்னும் கொடுத்தார்கள். ஃபாதர் வந்து நல்லா வாசிச்சீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். மரியாயி பணிசைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றாள். சனம் கலைந்ததும் மகளின் பக்கத்தில் வந்தாள்.

"புள்ள, கோவிச்சுக்காத. அவென் வாசிச்சா எனக்கு இங்க என்னமோ பண்ணும்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இன்னைக்கு ஒண்ணும் பண்ணல. அவென் சத்தம் அதுக்குள்ள இருக்குன்னியே?"

ஹுஸ்னி பலகையைத் தூக்கியபடி நின்றான். "அம்மா, அது என்னன்டா…" என்று தொடங்கினான்.

"என் கைதாம்மா சரியில்ல," என்று பிரவீனா குறுக்கே விழுந்தாள். "பழக்கம் பத்தாது. அண்ணன் கை மாதிரி வரல."

ஹுஸ்னி அவளைப் பார்த்தான். பிறகு பலகையை மோட்டார் சைக்கிளில் கட்டப் போனான்.

மரியாயியின் முகம் இளகியது. தன் குறை மறந்துபோய், மகளின் ஈரம் காயாத தலையைத் தடவினாள். கையிலிருந்த பணிசைப் பிய்த்துப் பாதியை அவளிடம் கொடுத்தாள்.

"அதுக்கு ஏன் அழுற? இப்பதானே தொட்டிருக்க. அடுத்த வருஷப் பூசைக்குள்ள நல்லா பழகிக்க. அவென் சத்தம் எங்க போயிறப் போகுது? பொட்டி பத்திரமா இருக்குதானே, நான் பாத்துக்கிறேன்."

"சரிம்மா," என்றாள் பிரவீனா.